ஸ்பீக்கரும் சப்வூஃபரும் வாங்கியாச்சு... கடையில் கேட்ட அந்த இசை வீட்டில் ஏன் வரவில்லை?

சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு ஜோடி புக் ஷெல்ஃப் ஸ்பீக்கர், ஒரு ஆம்ப்ளிஃபையர், கூடவே ஒரு சப்வூஃபர் வாங்கிவிட்டீர்கள். கடையின் டெமோ ரூமில் கேட்டபோது மெய்சிலிர்த்தது. பெங்களூருவிலோ புனேவிலோ நொய்டாவிலோ இருக்கும் உங்கள் வாடகை ஃப்ளாட்டுக்கு அதைக் கொண்டுவந்து, டிவி யூனிட்டின் இரண்டு பக்கமும் ஸ்பீக்கர்களை வைத்து, காலியாகக் கிடந்த மூலையில் சப்வூஃபரைத் தள்ளிவிட்டு, ஆசையாக ஒரு இளையராஜா பாட்டைப் போடுகிறீர்கள். பேஸ் கிட்டார் பாட்டுக்கு அடியில் தனியாக ஒரு மெட்டுப் போட்டு நடக்க வேண்டிய இடத்தில், 'தொம் தொம்' என்று ஒரே ஒரு சுரம் மட்டும் முழங்குகிறது. மற்ற சுரங்களைக் காணோம். பாடகரின் குரலும் எங்கோ பக்கத்து அறையிலிருந்து வருவது மாதிரி இருக்கிறது.

இந்த இடத்தில்தான் பலரும் தவறான முடிவு எடுக்கிறார்கள். இன்னும் பெரிய ஆம்ப்ளிஃபையர், விலை அதிகமான கேபிள், வேறு பிராண்ட் ஸ்பீக்கர் என்று அடுத்த மாதச் சம்பளமும் போய்விடுகிறது. கொஞ்சம் பொறுங்க. நீங்கள் வாங்கிய பொருளில் பெரும்பாலும் குறை எதுவும் இல்லை. காதுக்கு வந்து சேரும் ஒலியில் ஸ்பீக்கரின் பங்கு பாதி என்றால், அது வைக்கப்பட்டிருக்கும் அறையின் பங்கு மீதிப் பாதி. தாழ்ந்த சுரங்களைப் பொறுத்தவரை அறையின் பங்கு அதற்கும் மேல். அந்த அறையைச் சரிக்கட்டப் பணம் அதிகம் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியமும், ஒரு இன்ச் டேப்பும், சோஃபாவை நகர்த்த ஒரு ரூம்மேட்டும் போதும்.

முதலில் வயரைப் பாருங்க

எதையும் நகர்த்துவதற்கு முன்னால் ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு ஸ்பீக்கர்களின் பின்பக்கத்தைப் பாருங்கள். சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று என இரண்டு முனைகள் இருக்கும். ஆம்ப்ளிஃபையரின் சிவப்பு முனையிலிருந்து வரும் வயர் ஸ்பீக்கரின் சிவப்புக்கும், கறுப்பு கறுப்புக்கும் போக வேண்டும். இரண்டு ஸ்பீக்கர்களில் ஒன்றில் மட்டும் இது மாறிப்போனால், ஒரு ஸ்பீக்கரின் கோன் முன்னால் வரும்போது மற்றதன் கோன் பின்னால் போகும். தாழ்ந்த சுரங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். குரலுக்கு இருப்பிடம் இல்லாமல் போகும். எதுவும் புகையாது, எந்த விளக்கும் எரியாது, பாட்டும் வந்துகொண்டேதான் இருக்கும். அதனாலேயே இந்தத் தவறு மாதக்கணக்கில் கண்ணில் படுவதில்லை.

கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. 1960-களின் சினிமாப் பாட்டு ஒன்றைப் போடுங்கள். அந்தக் காலத்துப் பாடல்கள் மோனோ ஒலிப்பதிவுகள். இரண்டு ஸ்பீக்கர்களிலிருந்தும் ஒரே ஒலிதான் வரும். அது இரண்டுக்கும் சரியாக நடுவில் ஒரு புள்ளியிலிருந்து வருவதாகக் கேட்டால் இணைப்பு சரி. அறை முழுக்கப் பரவி, எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லையா? ஆம்ப்ளிஃபையரை அணைத்து, ஒரு ஸ்பீக்கரில் மட்டும் வயரை மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

நடுவில் ஸ்பீக்கரே இல்லை, ஆனால் பாடகர் அங்கேதான் நிற்கிறார்

ஸ்டீரியோ என்பது 'இரண்டு பக்கமும் சத்தம் வருவது' அல்ல. இங்கிலாந்தில் ஈஎம்ஐ நிறுவனத்தில் வேலை பார்த்த ஆலன் ப்ளூம்லைன் என்ற பொறியாளர் 1931 டிசம்பரில் இதற்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இரண்டே ஸ்பீக்கர்களை வைத்து, அவற்றுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தில் ஒலிகளை வெவ்வேறு இடங்களில் நிற்கவைப்பதுதான் அதன் சாரம். இரண்டு ஸ்பீக்கர்களிலிருந்தும் ஒரே குரல், ஒரே அளவில், ஒரே நேரத்தில் உங்கள் காதுகளை வந்தடைந்தால், குரல் நடுவிலிருந்து வருவதாக மூளை முடிவு செய்துகொள்கிறது. அங்கே ஒன்றுமே இல்லாவிட்டாலும்.

'ஒரே நேரத்தில்' என்பதுதான் இங்கே முக்கியம். நீங்கள் சோஃபாவின் ஓரத்தில், ஒரு ஸ்பீக்கருக்கு அரை மீட்டர் நெருக்கமாக உட்கார்ந்தால், அதன் ஒலி கிட்டத்தட்ட ஒன்றரை மில்லி விநாடி முன்னதாக வந்துவிடும். அவ்வளவுதான், பாடகர் அந்தப் பக்கம் ஓடிவிடுவார்.

ஆகவே முக்கோணம். இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் இடையிலுள்ள தூரமும், ஒவ்வொன்றிலிருந்தும் உங்கள் தலைக்குள்ள தூரமும் ஏறக்குறைய சமமாக இருக்கட்டும். 10-க்கு 12 அடி அறை என்றால் நான் இப்படிச் செய்வேன்: 10 அடிச் சுவர்ப் பக்கம் ஸ்பீக்கர்கள், இரண்டுக்கும் நடுவே 6 அடி, பக்கச் சுவர்களிலிருந்து இரண்டிரண்டு அடி. ஸ்பீக்கரின் முகம் பின்சுவரிலிருந்து 2 அடி முன்னால். நீங்கள் உட்காரும் இடம் அதே சுவரிலிருந்து ஏழேகால் அடியில். உங்கள் முதுகுக்குப் பின்னால் இன்னும் ஏறக்குறைய 5 அடி மிஞ்சும். அதில் ஒரு புத்தக அலமாரி வைக்கலாம், துணி காயவைக்கும் ஸ்டாண்டையும் வைத்துக்கொள்ளலாம்.

உயரத்தை மறந்துவிடாதீர்கள். ஸ்பீக்கரின் மேலே சின்னதாக இருக்குமே, ட்வீட்டர், அது நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது உங்கள் காது மட்டத்தில் இருக்க வேண்டும். சாதாரண சோஃபாவில் அது தரையிலிருந்து சுமார் 90 முதல் 100 சென்டிமீட்டர். டிவி யூனிட் பொதுவாக அதைவிட மிகவும் தாழ்வு. ஸ்டாண்ட் வாங்க முடிந்தால் வாங்குங்கள். முடியாவிட்டால் ஸ்பீக்கரின் முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி, ட்வீட்டர் முகத்தைப் பார்ப்பதுபோல் சாய்த்து வையுங்கள். ரப்பர் கதவுத் தடுப்புக்கட்டை ஒன்று இதற்குப் போதும். அலமாரிக்குள் புத்தகங்களுக்கு நடுவே செருகாதீர்கள். பெயர்தான் புக் ஷெல்ஃப் ஸ்பீக்கர். அலமாரி அதற்குச் சரியான இடமே இல்லை.

ஸ்பீக்கர்களை உள்பக்கமாகத் திருப்புவது பற்றிப் பெரிய விவாதங்களே உண்டு. நேராகப் பார்க்கவைத்து ஆரம்பியுங்கள், குரல் நடுவில் கெட்டியாக நிற்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே திருப்புங்கள். அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை.

மூலையில் வைத்தால் ஏன் முழங்குகிறது?

இப்போது உண்மையான வில்லனுக்கு வருவோம். ஒலி காற்றில் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் வேகத்தில் போகிறது. 10,000 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் ஜால்ரா ஓசையின் ஓர் அலையின் நீளம் மூன்றரை சென்டிமீட்டர்கூட இல்லை. பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த சுரம் சுமார் 41 ஹெர்ட்ஸ். அதன் ஓர் அலை 8 மீட்டருக்கும் மேல் நீளம். உங்கள் அறையோ மூன்றரை மீட்டர்தான். அந்த அலை அறைக்குள் முழுசாக நீட்டிப் படுக்கக்கூட இடமில்லை. சுவரில் மோதித் திரும்புகிறது, வருகிற அலையோடு கலக்கிறது. சில குறிப்பிட்ட சுரங்களில் மட்டும் போகும் அலையும் திரும்பும் அலையும் கச்சிதமாகப் பொருந்தி, நின்ற இடத்திலேயே ஊசலாட ஆரம்பிக்கின்றன. அறையே ஒரு வாத்தியமாகிவிடுகிறது.

எந்தச் சுரத்தில் என்பதை நீங்களே கணக்கிடலாம். 343-ஐ, அறையின் நீளத்தைப்போல் இரண்டு மடங்கால் (மீட்டரில்) வகுத்தால் போதும். 12 அடி என்பது 3.66 மீட்டர். வகுத்தால் சுமார் 47 ஹெர்ட்ஸ். 10 அடி அகலத்துக்குச் சுமார் 56 ஹெர்ட்ஸ். நம் ஃப்ளாட்டுகளில் தளத்தின் உயரமும் பெரும்பாலும் 10 அடியை ஒட்டியே இருக்கும். அதற்கும் அதே 56. அதாவது அகலமும் உயரமும் கூட்டுச் சேர்ந்து ஒரே சுரத்தைத் தூக்கிவிடுகின்றன. பேஸ் கிட்டாரின் இரண்டாவது தடித்த கம்பியை விரல் வைக்காமல் அப்படியே மீட்டினால் வருவது 55 ஹெர்ட்ஸ். உங்கள் வீட்டில் முழங்கும் அந்த 'தொம்' எங்கிருந்து வருகிறது என்று இப்போது தெரிகிறதா?

இதில் நம் ஊர் வீடுகளுக்கென்று ஒரு தனிச் சங்கடம். ஸ்பீக்கர் அமைப்பது பற்றி யூடியூபில் வரும் வீடியோக்களில் பாதி அமெரிக்க வீடுகளில் எடுத்தவை. அங்கே சுவர் என்பது மரச் சட்டத்தின்மேல் அடித்த ஜிப்சம் பலகை. பேஸ் பட்டால் அது கொஞ்சம் வளைந்து கொடுத்து, சக்தியின் ஒரு பகுதியை விழுங்கிவிடும். நம் செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் இம்மியும் அசையாதவை. வந்த பேஸ் ஏறக்குறைய அப்படியே திரும்பும். அவர்கள் சொல்லும் அளவில் சப்வூஃபரைத் திருகினால் நம் வீட்டில் அது பாட்டு இல்லை, இடி.

ஒலி இப்படி நின்று ஊசலாடும்போது, சுவரோரத்தில் அழுத்தம் மிக அதிகம். 12 அடி அறையில் 47 ஹெர்ட்ஸுக்கு, இரண்டு கடைசிச் சுவர்களிலும் முழக்கம், சரியாக நடுவில் கிட்டத்தட்ட மௌனம். ஆகவே சோஃபாவைப் பின்சுவரோடு ஒட்டிப் போட்டிருப்பவருக்குக் காது அடைக்கும், நடு ஹாலில் உட்கார்ந்தவருக்கு அந்தச் சுரமே இருக்காது. இருவரும் ஒரே பாட்டைத்தான் கேட்கிறார்கள். பின்சுவரிலிருந்து சோஃபாவை இரண்டு அடியாவது முன்னால் இழுக்கச் சொல்வது இதனால்தான். மூலை என்பது இரண்டு சுவர்களும் தரையும் சந்திக்கும் இடம். அங்கே வைத்த சப்வூஃபர் அறையின் எல்லா ஊசல்களையும் ஒரே நேரத்தில் தட்டி எழுப்பும். சத்தம் அதிகம் கிடைக்கும், உண்மைதான். சீராகக் கிடைக்குமா என்பது வேறு கேள்வி.

சுவர் இன்னொரு விளையாட்டும் காட்டும். ஸ்பீக்கர் பின்சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி இருந்தால், பின்னால் போய்த் திரும்பும் அலை, முன்னால் நேராக வரும் அலையைச் சுமார் 86 ஹெர்ட்ஸில் அழிக்கும். தூரம் குறையக் குறைய அந்தப் பள்ளம் மேல் சுரங்களுக்கு நகரும். 'எவ்வளவு தள்ளி வைக்கிறோமோ அவ்வளவு நல்லது' என்ற அறிவுரையைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்ற வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். பத்துப் பத்து சென்டிமீட்டராக நகர்த்திக் கேட்பதுதான் வழி. பின்பக்கம் ஓட்டை வைத்த ஸ்பீக்கர் என்றால், சுவருக்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளியாவது விடுங்கள்.

சப்வூஃபரைச் சோஃபாவில் உட்காரவையுங்கள்

சப்வூஃபர் எதற்கு? பாட்டு 'குத்த' வேண்டும் என்பதற்காக அல்ல. 5 அங்குல வூஃபர் உள்ள ஸ்பீக்கர் 50-60 ஹெர்ட்ஸுக்குக் கீழே மூச்சுவாங்க ஆரம்பித்துவிடும். பேஸ் கிட்டாரின் அடிச்சுரங்கள், பியானோவின் இடதுகோடிக் கட்டைகள், மேடைக் கச்சேரியில் தவில் அடிக்கும்போது நெஞ்சில் படும் அந்த அதிர்வு எல்லாம் அங்கேதான் ஆரம்பிக்கின்றன. விட்டுப்போன அந்த ஒரு அடுக்கை மட்டும் சேர்ப்பதே சப்வூஃபரின் வேலை. நன்றாக அமைந்த வீட்டில் அது ஓடுவதே தெரியாது. அணைத்தால்தான் ஏதோ குறைவது தெரியும்.

அதை எங்கே வைப்பது? அதிர்ஷ்டவசமாக 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குச் சரியாகப் பிடிபடாது. அதனால் அறையில் எங்கே வேண்டுமானாலும் வைக்கும் சுதந்திரம் உங்களுக்கு இருக்கிறது. சிறந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு பழைய தந்திரம் உண்டு. பார்க்கக் கொஞ்சம் கோமாளித்தனமாக இருக்கும், வீட்டில் யாரும் இல்லாதபோது செய்யுங்கள்.

சோஃபாவில் நீங்கள் உட்காரும் அதே இடத்தில் சப்வூஃபரைத் தூக்கி வையுங்கள். பேஸ் கிட்டார் மேலும் கீழுமாக நன்றாக நடக்கும் ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிடுங்கள். இப்போது நீங்கள் தரையில் தவழ்ந்து, சப்வூஃபரை வைக்கச் சாத்தியமுள்ள ஒவ்வோர் இடத்துக்கும் போய், காதைத் தரைக்கு அருகில் வைத்துக் கேளுங்கள். டிவி யூனிட்டின் பக்கம், ஜன்னலுக்குக் கீழே, பக்கச் சுவரின் நடுவில், சோஃபாவுக்குப் பக்கத்தில் என்று ஓர் இடம் விடாமல். சில இடங்களில் முழங்கும், சில இடங்களில் ஒன்றுமே இருக்காது. ஏதோ ஓர் இடத்தில் எல்லாச் சுரங்களும் ஏறக்குறைய ஒரே அளவில், ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்கும். அங்கே ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். சப்வூஃபரின் இடம் அதுதான்.

ஒலி இங்கிருந்து அங்கே போவதும், அங்கிருந்து இங்கே வருவதும் அறையைப் பொறுத்தவரை ஒன்றே. சப்வூஃபரும் காதும் இடம் மாற்றிக்கொண்டாலும் விடை மாறாது. தேடும் நேரத்தில் பத்து முறை பெட்டியைத் தூக்கிச் சுமப்பதற்குப் பதில் நீங்கள் நகர்கிறீர்கள், அவ்வளவுதான். சத்தம் அதிகமான இடத்தைத் தேடாதீர்கள், சீரான இடத்தைத் தேடுங்கள். இந்த ஒன்றில்தான் பலரும் ஏமாறுகிறார்கள்.

அந்த இடம் பாத்ரூம் கதவுக்கு நேர் எதிராக அமைந்துவிடுவதும் உண்டு. அப்போது இரண்டாவது சிறந்த இடத்துக்கு இறங்கி வாருங்கள். வாழ்க்கைத் துணையோ ரூம்மேட்டோ வீட்டில் இருந்தால் எப்படியும் மூன்றாவதுக்குத்தான் வருவீர்கள்.

பின்னால் இருக்கும் மூன்று நாப்கள்

சப்வூஃபரின் முதுகில் கிராஸ்ஓவர், ஃபேஸ், வால்யூம் என்று பொதுவாக மூன்று இருக்கும். முதலில் கிராஸ்ஓவர். எந்தச் சுரத்துக்கு மேல் சப்வூஃபர் வாயை மூட வேண்டும் என்று சொல்வது அது. உங்களிடம் இருப்பது ஏவி ரிசீவர் என்றால், அதன் மெனுவில் ஸ்பீக்கர் அளவை 'ஸ்மால்' என்று வைத்து, கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் விடுங்கள். சப்வூஃபரிலுள்ள நாபை முழுசாக மேலே திருப்பிவிடுங்கள். இரண்டு பேர் ஒரே வேலையைச் செய்யக் கூடாது. 'ஸ்மால்' என்றால் உங்கள் ஸ்பீக்கர் மட்டம் என்று அர்த்தமில்லை, கௌரவம் பார்க்காதீர்கள். தாழ்ந்த சுரங்களைச் சப்வூஃபருக்கு அனுப்பு என்பதுதான் அதன் பொருள். அந்தப் பாரம் இறங்கியதும் சின்ன ஸ்பீக்கரின் குரல்கூடத் தெளியும்.

சாதாரண ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் கதை வேறு. அவற்றில் பலவும் ஸ்பீக்கர்களுக்கு முழுப் பாட்டையும் அனுப்பிக்கொண்டே, சப்வூஃபருக்கும் ஒரு பிரதியைக் கொடுக்கும். அப்போது 80-இல் வைத்தால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, நடுவில் வீங்கும். ஸ்பீக்கர் ஓய ஆரம்பிக்கும் இடத்தில், 50-60 ஹெர்ட்ஸில் தொடங்கிப் பாருங்கள். ஆம்ப்ளிஃபையரில் சப்வூஃபருக்கான சாக்கெட்டே இல்லையென்றால், ஸ்பீக்கர் வயரையே நேரடியாக வாங்கிக்கொள்ளும் முனைகள் உங்கள் சப்வூஃபரில் இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

ஃபேஸ் என்பது முன்பு வயரில் பார்த்த அதே கோளாறுக்கான மருந்து. ஃபோனில் ஒரு டோன் ஜெனரேட்டர் ஆப் இறக்கி, கிராஸ்ஓவர் எந்த எண்ணில் இருக்கிறதோ அதே சுரத்தை மெதுவான அளவில் ஓடவிடுங்கள். நீங்கள் உங்கள் இடத்தில் உட்காருங்கள், இன்னொருவர் சுவிட்சை 0-க்கும் 180-க்கும் மாற்றட்டும். எதில் சத்தம் கூடுகிறதோ அதுவே சரி. அந்தப் புள்ளியில் ஸ்பீக்கரும் சப்வூஃபரும் கை கோக்கின்றன என்று அர்த்தம்.

கடைசியாக வால்யூம். சப்வூஃபர் தனியாகக் காதில் விழும்வரை ஏற்றுங்கள், பிறகு அது மறையும்வரை இறக்குங்கள். ஒரே பாட்டை வைத்து முடிவு செய்ய வேண்டாம். பேஸை ஏற்றி மிக்ஸ் செய்த புதுப் பாட்டில் சரியாக இருப்பது, ஒரு கர்னாடகக் கச்சேரியில் மிருதங்கத்தின் தொப்பியை டிரம்மாக்கிவிடும். நீங்கள் வழக்கமாகக் கேட்கும் சத்தத்தில் வைத்தே இதைச் செய்யுங்கள். மெதுவான ஒலியில் நம் காது தாழ்ந்த சுரங்களைச் சரியாகப் பிடிப்பதில்லை. பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து வெளியிட்டார்கள். இரவு மெதுவாகக் கேட்கும்போது சரிசெய்த சப்வூஃபர், மறுநாள் காலை சத்தமாக வைத்ததும் வீட்டையே உலுக்குவது அதனால்தான்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு சுரம் முழங்கினால், ஈக்வலைசரில் அந்த ஒன்றை மட்டும் குறைக்கலாம். ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளும், அளவிடுவதற்கென்றே வரும் ஒரு யூஎஸ்பி மைக்கும் இருந்தால், எந்தச் சுரம் எவ்வளவு எகிறுகிறது என்பதைக் கோடாகவே பார்த்துவிடலாம். ஆனால் மேட்டை வெட்டலாம், பள்ளத்தை நிரப்ப முடியாது. ஒரு சுரம் அலைகள் மோதி அழிவதால் காணாமல் போகிறது என்றால், நீங்கள் கூட்டிய ஒலியும் அதே மாதிரி அழியும். 10 டெசிபல் கூட்ட ஆம்ப்ளிஃபையர் பத்து மடங்கு சக்தி கொடுக்க வேண்டும். பள்ளத்துக்கு ஒரே வைத்தியம், சப்வூஃபரையோ சோஃபாவையோ நகர்த்துவது. அல்லது எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் இரண்டு சின்ன சப்வூஃபர்கள். ஒரு பெரியதை விட இரண்டு சிறியது பல சமயம் நல்ல முதலீடு.

டைல்ஸ் தரை, வெறும் சுவர்

அறையின் நடுவில் நின்று ஒரு முறை கை தட்டுங்கள். 'டிர்ர்' என்று ஓர் ஓசை பின்னால் தொங்கினால், பாட்டு எவ்வளவு நல்ல ஸ்பீக்கரில் வந்தாலும் கரகரப்பாகவே கேட்கும். வாடகை வீட்டில் சுவரில் ஆணி அடிக்க முடியாது, பரவாயில்லை. ஸ்பீக்கருக்கும் சோஃபாவுக்கும் நடுவே தடிமனான ஒரு கம்பளி அல்லது ஜமக்காளம், ஜன்னலுக்குக் கனமான திரை, முதுகுக்குப் பின்னால் தாறுமாறாகப் புத்தகம் அடுக்கிய அலமாரி. இவை மூன்றும் செய்யும் மாற்றம் ஆச்சரியப்படுத்தும்.

ஆன்லைனில் விற்கும் ஒரு அங்குல ஃபோம் துண்டுகள் உயர்ந்த சுரங்களை மட்டும் குடிக்கும். எட்டு மீட்டர் நீள அலைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அறை முழுக்க ஒட்டினால் ஜொலிப்பு போய்விடும், முழக்கம் அப்படியே இருக்கும். முட்டை அட்டை ஒட்டுவது பற்றிக் கேட்கவே வேண்டாம்.

வாட், வயர், அப்புறம் அந்த 'ங்ங்' சத்தம்

இவற்றுக்கு இரண்டு பத்தி போதும். பெட்டியில் 'பிஎம்பிஓ' என்று ஆயிரக்கணக்கில் வாட் எழுதியிருந்தால் அதைப் படிக்காதது மாதிரி கடந்துவிடுங்கள். அந்த எண்ணை எப்படி அளப்பது என்று ஒரு பொது விதியே இல்லை. 'ஆர்எம்எஸ்' எண்தான் கணக்கு. 10-க்கு 12 அடி அறைக்கு ஒரு சேனலுக்கு 30 முதல் 50 வாட் தாராளம். வாட்டை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது 3 டெசிபல்தான், காதுக்கு அது ஒரு சின்னப் படி. வயரும் அப்படியே. எஸ்.பி. ரோடு, லாமிங்டன் ரோடு, ரிச்சி ஸ்ட்ரீட் என்று எங்கே போனாலும் மீட்டர் கணக்கில் கிடைக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் ஐந்து மீட்டர் தூரத்துக்குப் போதுமானது. முனையைச் சுரண்டிப் பாருங்க, உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

சப்வூஃபரிலிருந்து பாட்டே இல்லாதபோதும் 'ங்ங்' என்று ஒரு ரீங்காரம் வந்தால், பெரும்பாலும் அது எர்த் பிரச்னை. ஆம்ப்ளிஃபையர், டிவி, சப்வூஃபர் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையில் செருகிப் பாருங்கள். செட்டாப் பாக்ஸின் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். எர்த் பின்னை உடைத்துவிட்டால் சத்தம் நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நின்றுவிடும், ஆனால் ஏதாவது கோளாறு வரும் நாளில் பெட்டியின் உலோகத்தைத் தொடுபவருக்குக் காப்பே இருக்காது.

பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டும் முன்

இந்தியாவில் ஒலி மாசு விதிகள் 2000-ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் உள்ளன. குடியிருப்புப் பகுதிக்கு, காலை 6 மணி முதல் இரவு 10 வரை 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்பது வரையறை. உங்கள் சொந்த ஒலிக்கருவியின் சத்தம், உங்கள் இடத்தின் எல்லையில் இதைவிட 5 டெசிபலுக்கு மேல் தாண்டக் கூடாது.

ஆனால் ஃபோனிலுள்ள டெசிபல் ஆப்பை நம்பி நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். இந்த வரையறைகள் மனிதக் காதின் இயல்புக்கு ஏற்பத் தாழ்ந்த சுரங்களைக் குறைத்து மதிப்பிடும் 'ஏ' அளவுகோலில் உள்ளவை. 50 ஹெர்ட்ஸ் ஒலியை அது சுமார் 30 டெசிபல் குறைத்தே காட்டும். மீட்டரில் எல்லாம் சரியாகத் தெரியும், கீழ் வீட்டில் குழந்தை விழித்துக்கொண்டிருக்கும். கான்கிரீட் குரலைத் தடுக்கும் அளவுக்கு பேஸைத் தடுப்பதில்லை. சப்வூஃபருக்கு அடியில் தடித்த ரப்பர் மெத்தை வைத்தால் தளம் வழியாக இறங்கும் அதிர்வு ஓரளவு குறையும், காற்று வழியாகப் போவது குறையாது. அதனால் ஒரு மாலை, கீழ் வீட்டுக்காரரிடம் போய், "அண்ணா, ஒரு அஞ்சு நிமிஷம் பாட்டு போடறேன், உங்க வீட்டுல எவ்வளவு கேக்குதுன்னு சொல்றீங்களா?" என்று கேட்டுவிடுங்கள். பெங்களூரு என்றால் கன்னடத்தில், புனே என்றால் மராத்தியில் கேட்டால் இன்னும் விசேஷம். அவர் 'இது பரவாயில்லை' என்று சொல்லும் இடத்தில் வால்யூம் நாபில் ஒரு பேனாக் கோடு போடுங்கள். இரவு 10 மணிக்கு மேல் சப்வூஃபரை அணைத்துவிட்டு ஸ்பீக்கர்களை மட்டும் ஓட்டுங்கள். நீங்கள் சரியாக அமைத்திருந்தால் அதுவே நன்றாக இருக்கும்.

உங்கள் காதுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். சத்தம் 3 டெசிபல் ஏறினால் பாதுகாப்பான நேரம் பாதியாகிறது. ஆபீஸ் முழுக்க ஹெட்ஃபோன், வீட்டுக்கு வந்ததும் ஸ்பீக்கர் என்றால் இரண்டும் ஒரே கணக்கில்தான் சேரும்.

பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்து வீடு மாறும்போது இந்த வேலை எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். புது வீடு பார்க்கப் போகும்போது இன்ச் டேப்பைக் கையோடு எடுத்துப் போங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் வெவ்வேறாக உள்ள அறையைப் பாட்டுக்கு வைத்துக்கொண்டு, 10-க்கு 10 சதுர அறையை ரூம்மேட்டுக்கு விட்டுக்கொடுத்துவிடுங்கள்.